பழைய ஃபெராரி வாங்கும் முன் எடுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி கேட்டவர் 1990-களின் ஃபெராரி ஒன்றை அமெரிக்காவில் வேறு மாநிலத்திலிருந்து வாங்கப் பார்க்கிறார். விற்பவர், "போன மாதம்தான் இன்ஸ்பெக்‌ஷன் எடுத்தேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்று நாலு பக்க ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார். அதை நம்பி முன்பணம் கட்டலாமா என்கிறார்.

கட்டாதீர்கள். நான் அப்படிக் கட்டிப் பட்டவன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017-ல் சான் ஹோசேயில் உட்கார்ந்துகொண்டு, ஃபுளோரிடாவில் இருந்த 1997 ஃபெராரி எஃப்355 ஒன்றை வாங்கினேன். பள்ளிக்கூட நாளில் என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த படம் அந்த வண்டிதான். 3.5 லிட்டர் வி8 எஞ்சின், சிலிண்டருக்கு 5 வால்வு, மொத்தம் 40 வால்வு. 8,500 ஆர்பிஎம் வரை போகும்போது அது எழுப்பும் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். விற்றவர் ஓய்வுபெற்ற டாக்டர், தன்மையான மனிதர். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

வாங்கும் முன் செய்யும் இந்தச் சோதனையை இங்கே பிபிஐ என்பார்கள். "எங்கள் ஊரில் ஃபெராரி தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது" என்று டாக்டர் சொன்ன இடத்திலேயே 650 டாலர் கட்டிச் செய்ய வைத்தேன். நாற்பது போட்டோவுடன் அழகான ரிப்போர்ட் வந்தது. எஞ்சின்: நன்று. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம் கசியாமல் நிற்கிறதா என்பது): நன்று. எக்ஸாஸ்ட்: நன்று. அன்று இரவே பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாளில் லாரியில் வண்டி வந்து இறங்கியது. மறுநாள் காலை, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பின்னால் நீலப் புகை. ஆயில் எரிகிற வாசனை. எஞ்சின் பக்கம் குனிந்தால், இடது பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூடானதும் புகையும் நின்றது, சத்தமும் நின்றது. ஃபுளோரிடாவில் அந்த மெக்கானிக் கைக்கு வண்டி போனபோது டாக்டர் அதை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அதாவது சூடான எஞ்சின். புகையை அவர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

அடுத்த இடி ஸ்மாக் சோதனையில். கலிபோர்னியாவில் 1976-லோ அதற்குப் பிறகோ வந்த பெட்ரோல் கார் எதுவாக இருந்தாலும், வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவந்து பதிய வேண்டுமென்றால் புகைச் சோதனை தேற வேண்டும். சோதித்த பையன் வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கேடலிடிக் கன்வெர்ட்டர் எங்கே சார்?" என்று கேட்டான். எக்ஸாஸ்ட் புகையின் நச்சைக் குறைக்கும் அந்தப் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய். யாரோ எப்போதோ கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டிருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் 2000-க்குப் பிறகு வண்டிகளுக்குப் புகைச் சோதனையே கிடையாது. அந்த ஊர் மெக்கானிக் கண்ணுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. துருவில்லை, ஓட்டையில்லை, ஆகவே நன்று. சோதித்தவர் தன் ஊர்க் கணக்கில் சரியாகத்தான் எழுதினார். வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

பிறகு என் ஊரில் எஃப்355 எஞ்சின்களை வருடக்கணக்காகப் பிரித்து மாட்டும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "கம்ப்ரெஷன் நன்று என்றால் எவ்வளவு? எண் எங்கே?" அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும் எண் இல்லை. அவர் எஞ்சினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, லீக்‌டவுன் டெஸ்ட் செய்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, காற்றை அழுத்தி ஏற்றுவார்கள். அதில் எத்தனை சதவீதம் கசிகிறது என்று கேஜ் காட்டும். முதல் நாலு சிலிண்டரும் ஐந்தாறு சதவீதம். அது நல்ல எஞ்சின். ஆறாவது சிலிண்டர் 27. எட்டாவது 31. "பின்னால் போய் சைலன்சர் குழாயில் காதை வை" என்றார். வைத்தேன். நின்றுபோன எஞ்சினுக்குள்ளிருந்து உஸ்ஸ்ஸ் என்று காற்று வந்துகொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். ஆயில் ஊற்றும் வாயில் அந்தச் சத்தம் கேட்டிருந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் உட்காரும் ஹெட்டைப் பிரித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வால்வைக் கொஞ்சம் தூக்கி விரலால் ஆட்டினார். விழப்போகிற பால் பல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. எஃப்355-ல் வால்வின் தண்டு ஏறி இறங்கும் கைடு பெரும்பாலான வண்டிகளில் வெண்கலம். அது சீக்கிரம் தேயும். தேய்ந்தால் வால்வு ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காரும், கம்ப்ரெஷன் கசியும், ஆயிலும் உள்ளே இறங்கும். காலையில் வந்த நீலப் புகைக்குக் காரணம் அதுதான். டிக் டிக் சத்தம், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ற குழாய்களின் விரிசலிலிருந்து. இந்த வண்டியில் மேனிஃபோல்டுக்கு இரட்டைத் தோல், உள் குழாய் விண்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. உலோகம் சூடேறி விரிந்ததும் விரிசல் அடைந்துகொள்ளும், சத்தம் போய்விடும். இவையெல்லாம் எஃப்355 தெரிந்த எந்த மெக்கானிக்கும் முதலில் தேடும் நோய்கள்.

எல்லாம் சேர்த்து 24,000 டாலர். அதில், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டும் அடக்கம். இந்த வண்டியில் பெல்ட் மாற்றவே எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும். இதற்குப் பின்னால் வந்த 360 மாடலில்தான் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் மூடியைக் கழற்றி எஞ்சினை இறக்காமலே மாற்ற முடிந்தது. எஃப்355-ல் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். ஆகவே "பெல்ட் மாற்றியாகிவிட்டது" என்ற வாய் வார்த்தையை ஏற்காதீர்கள். தேதியும் மைலேஜும் உள்ள பில் வேண்டும்.

ஃபுளோரிடா ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். சோதித்த நாளில் கண்ணுக்குத் தெரிந்த நிலையைப் பற்றிய கருத்து மட்டுமே இது, பொறுப்பு வாங்கிய கட்டணத்தோடு முடிந்தது என்று இருந்தது. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் இப்படி ஒரு வரி இருக்கும்.

அன்று ராத்திரி வண்டியோடு வந்த சர்வீஸ் ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். கடைசி ஆறு வருடத்து பில்கள் எல்லாவற்றிலும் ஒரே லெட்டர்ஹெட். பிபிஐ செய்த அதே ஒர்க்‌ஷாப். இத்தனை வருடமும் அந்த வண்டியைப் பராமரித்தவர்களிடமே, அதில் குறை இருக்கிறதா என்று நான் காசு கொடுத்துக் கேட்டிருக்கிறேன். அந்த பில்களின் ஸ்கேன் வாங்கும் முன்பே என் மெயிலில் இருந்தது. வேலை என்ன நடந்தது என்று பார்த்தேனே தவிர, யார் செய்தார்கள் என்று பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் பார்த்த ரிப்போர்ட்டுகள் நிறைய. எனக்குத் தெரிந்தவரை இதில் மோசடி குறைவு. இரண்டு மணி நேரக் கூலிக்குச் செய்யும் வேலை என்பதுதான் சிக்கல். எட்டு சிலிண்டருக்கு லீக்‌டவுன் ஒழுங்காகச் செய்ய அரை நாள் போய்விடும். தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கொடுக்காவிட்டால் செய்ய மாட்டார்கள். நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் கிடைக்கும். கேட்காத இடங்களில் 'நன்று' என்று எழுதியிருக்கும், அதற்குப் பல நேரம் 'பார்க்கவில்லை' என்றுதான் பொருள்.

இரண்டு வருடம் முன்பு ஆபீஸில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் 2006 போர்ஷே 911 கரேரா எஸ் பார்த்தான். "அண்ணா, ரிப்போர்ட் கிளீனா இருக்கு, நாளைக்கு பணம் அனுப்பிடட்டுமா?" என்று கேட்டான். இரண்டு நாள் பொறு என்றேன். அந்த 3.8 லிட்டர் எஞ்சினில் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது தெரிந்த வியாதி. அதைக் கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ரிப்போர்ட்டில் பிளக் துளை வழியாக எடுத்த படம் இரண்டு இருந்தது, இரண்டும் சிலிண்டரின் மேல் பாகம். கீறல் பெரும்பாலும் கீழே தொடங்கும். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்து கேமரா விட வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். விற்பவர் முதலில் முரண்டு பிடித்தார், செலவு முழுக்க நம்முடையது என்றதும் ஒத்துக்கொண்டார். ஆறாவது சிலிண்டர் சுவரில் நகத்தால் கிழித்தது போல நாலு கோடு. தம்பி அந்த வண்டியை விட்டுவிட்டான். சோதனைக்கு அவனுக்கு ஆன 1,100 டாலரை நான் நஷ்டமாகவே நினைக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டி எந்த மாடலோ, முதலில் அந்த மாடலின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருவரைத் தேடுங்கள். அவர் உங்கள் ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, விமான டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போங்கள். வண்டியின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசில்லை. முடியாவிட்டால் விற்பவர் ஊரில் இதுவரை அந்த வண்டியைத் தொடாத ஒர்க்‌ஷாப்பாக இருக்கட்டும். பழைய பில்களின் லெட்டர்ஹெட்டோடு பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முந்தின நாள் இரவிலிருந்து வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, நீங்களே போய் நில்லுங்கள். எஞ்சின் மூடியில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைய சோதனையை மறுநாளுக்குத் தள்ளுங்கள். சிரமம்தான், ஆனால் முதல் ஸ்டார்ட்டில் தெரிவது அதற்கப்புறம் தெரியாது.

ஒவ்வொரு சிலிண்டரின் லீக்‌டவுன் சதவீதமும் தனித்தனி எண்ணாக வேண்டும், கேஜின் போட்டோவோடு. 1996-லோ அதற்குப் பிறகோ வந்த வண்டி என்றால், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் 'பிழை எதுவும் இல்லை' என்பதோடு விடாமல், சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் திரையையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காலையில் யாராவது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் பிழைகள் அழிந்திருக்கும், ஆனால் அந்தத் திரையில் முடியவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். டயரையும் பாருங்கள்: அதன் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம், அது தயாரான வாரமும் வருடமும். 3209 என்றால் 2009-ன் 32-வது வாரம். ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டிகளில் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும்.

லீக்‌டவுனுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் காரணம் எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எஃப்355 மட்டுமே 10,000-க்கும் மேல் செய்தார்கள், இன்னொன்று வரும்.

அப்புறம், கையில் இருக்கும் அந்த நாலு பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம். அதன் முதல் பக்கத்தில் 'கஸ்டமர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் பெயர் இருந்தால், அது அவருக்காக, அவர் கேட்ட கேள்விகளுக்காக எழுதியது. உங்கள் மெக்கானிக் வேலையைத் தொடங்கும் முன் அதை அவர் கையில் கொடுங்கள். எந்தெந்த இடத்தில் எண் இல்லாமல் 'நன்று' என்று மட்டும் இருக்கிறதோ, அங்கிருந்து அவர் ஆரம்பிக்கட்டும்.