ஓடும்போதே அணைகிற எலக்ட்ரிக் சைக்கிள்: கேள்வி-பதில்

கேள்வி: தினமும் வேலைக்குப் போய்வர, நிறையப் பணம் போட்டு ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினேன். ஒரு வருடம்கூட முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மொத்தமாக அணைந்துவிடுகிறது, டிஸ்ப்ளேயும் இருண்டுவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் உயிர் வரும். கடையில் இரண்டு முறை விட்டேன். "எங்களிடம் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை கண்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றினார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி பழைய கதை. இப்போது பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், அதுவும் என் செலவில். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கழற்றி மாட்டினால் உயிர் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து ஆரம்பிப்போம். இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் இருக்கும். பேட்டரியும் சைக்கிளும் சேரும் இடத்தில் உள்ள உலோக முனைகள் சரியாகத் தொடாமல் இருக்கலாம். கழற்றி மாட்டும்போது அவை உரசி மறுபடி தொட்டுக்கொள்ளும். இல்லையென்றால், பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்கிற பாதுகாப்புச் சுற்று எதையோ பார்த்துவிட்டு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. கழற்றியதும் அது ரீசெட் ஆகிவிடும்.

எனக்கு முதல் காரணத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம். கண்ட்ரோலரை மாற்றிய பிறகு கொஞ்ச நாள் நன்றாக ஓடியது என்கிறீர்கள். கண்ட்ரோலரை மாற்றும் மெக்கானிக் வழியில் உள்ள எல்லா கனெக்டரையும் பிடுங்கி மறுபடி செருகியிருப்பார். அப்படிச் செருகும்போதே முனைகளில் படிந்திருந்த அழுக்கு கொஞ்சம் தேய்ந்து போகும். சைக்கிள் ஓடும், பெயர் புதுக் கண்ட்ரோலருக்குப் போகும். அப்புறம் முனை மறுபடி அழுக்கானதும் கோளாறும் திரும்பி வரும். இந்தத் தொழிலில் நல்ல கண்ட்ரோலர்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

முனைகள் ஏன் கெடுகின்றன? பேட்டரி ஏறத்தாழ மூன்று கிலோ எடை. பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது தன் இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடும். முனைகள் ஒன்றோடொன்று உரசும், மேற்பூச்சு தேயும், ஆக்ஸைடு பொடி படியும். தொடும் இடத்தில் மின்தடை வெறும் 0.1 ஓம் ஏறினாலே போதும். மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் அங்கே 1.5 வோல்ட் காணாமல் போகும், 22 வாட் வெப்பமும் உண்டாகும். சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவு சூடு. சூட்டில் உலோகம் இன்னும் கருக்கும், தடை இன்னும் ஏறும்.

நீங்களே பார்க்கலாம். சைக்கிளை அணைத்துவிட்டுப் பேட்டரியை எடுத்து, டார்ச் அடித்து இரண்டு பக்க முனைகளையும் பாருங்கள். கருத்த கோடு, பச்சைக் களிம்பு, ஓரத்தில் பிளாஸ்டிக் இளகிப் பளபளப்பது இவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே போட்டோ எடுத்து வையுங்கள். உலோகத்தால் எதையும் சுரண்டாதீர்கள், ஷார்ட் ஆகும். அடுத்து பேட்டரியைப் பூட்டிவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினாலோ, அசைக்கும்போது டிஸ்ப்ளே சிமிட்டினாலோ விஷயம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

பேட்டரியே குற்றவாளியாக இருந்தால் நடத்தை வேறு மாதிரி இருக்கும். 36 வோல்ட் பேட்டரி என்பது பத்து செல் வரிசைகள் தொடராக இணைந்தது. முழுதாக ஏற்றினால் 42 வோல்ட் இருக்கும். ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 3 வோல்ட் என்ற அளவுக்கு இறங்கினால் பி.எம்.எஸ். துண்டித்துவிடும். பத்தில் ஒரு வரிசை மட்டும் சோர்ந்துபோனாலும், அது எல்லைக்குக் கீழே போன கணமே மொத்தமும் நின்றுவிடும். டிஸ்ப்ளே பெரும்பாலும் மொத்த வோல்டேஜை வைத்துக் கணக்குப் போடுவதால், 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருக்கும்போது சைக்கிள் அணையும். இது வருவது ஏற்றத்தில், சார்ஜ் குறைந்த நிலையில், குளிர்ந்த காலை நேரத்தில். முழு சார்ஜில், சமதளத்தில், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் அணைந்தால் கனெக்ஷனைப் பாருங்கள்.

ஆகவே ஒவ்வொரு முறை அணையும்போதும் போனில் நாலு வரி குறித்துக்கொள்ளுங்கள்: சார்ஜ் எவ்வளவு, ஏற்றமா சமதளமா, பள்ளத்தில் இறங்கியதா, மழையா, டிஸ்ப்ளே இருண்டதா இல்லையா. முடிந்தால் வீடியோ. ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டால் எந்தச் சைக்கிளும் நன்றாகத்தான் ஓடும். அதில் மோட்டார் இழுக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். கடையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பேட்டரியைச் சுமையில் வைத்து, அதாவது ஓட்டும்போது இழுப்பது போல மின்சாரத்தை இழுத்து, சோதித்த அளவு வேண்டும், சும்மா மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தது போதாது. அடுத்து, இதே மாடலின் நல்ல பேட்டரி ஒன்றை உங்கள் சைக்கிளில் சில நாள் ஓட்டிப் பார்க்கத் தர வேண்டும். அதிலும் அணைந்தால் உங்கள் பேட்டரி நிரபராதி.

கேள்வி: மழையில் தாராளமாக ஓட்டலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது ஹேண்டில்பார் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று போனால், "தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை. ஆனால் வாதாடுவதற்கு முன் விற்பனைத் தாளில் ஐ.பி. எண் என்ன என்று பாருங்கள். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. அந்த எண்ணில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், 5 என்றால் குழாயிலிருந்து பாயும் நீர், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடப்பது. 7 வாங்கிய பொருள் 5-க்கான சோதனையிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டும் தனித்தனிச் சோதனை. ஐரோப்பாவின் ஈ.என். 15194 தரம் மின்சைக்கிளுக்குக் கேட்பது ஐ.பி.எக்ஸ். 4, அதாவது தண்ணீர் இலக்கம் 4. மழையில் ஓட்டுவது அதற்குள் அடங்கும். ஹை பிரஷர் வாஷ் அடங்காது. வாஷ் அடிக்கவில்லை என்றால் அதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். "மழையில் ஓட்டலாம்" என்ற விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். அந்தப் பக்கங்கள் திடீரென்று மாறும் பழக்கம் உள்ளவை.

இன்னொன்று. சோதனைக்குப் போவது புத்தம் புது சைக்கிள். வெயிலும் அதிர்வும் பட்ட பிறகு ரப்பர் சீல் அதே மாதிரி இருக்காது. பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் (ஹப் மோட்டார்) உள்ளவர்கள் அச்சுக்குள் நுழையும் ஒயரைக் கவனியுங்கள். அது நேராக மேலிருந்து இறங்கி அச்சுக்குள் போனால், வழியும் தண்ணீர் ஒயரையே பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் போகும். அச்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேபிள் டை போட்டுக் கட்டிவிடச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

கேள்வி: டிஸ்ப்ளே எரிகிறது, சார்ஜ் இருக்கிறது, மிதித்தால் மோட்டார் மட்டும் வருவதில்லை. மோட்டார் போய்விட்டதா?

பதில்: முதலில் பிரேக் லீவரைப் பாருங்கள். பல சைக்கிள்களில் பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்த லீவருக்குள் சிறு சுவிட்ச் இருக்கும். லீவர் முழுதாகத் திரும்பாவிட்டால், பிரேக் பிடித்தபடியே ஓட்டுகிறீர்கள் என்று கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். லீவரை வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள், அப்போது மோட்டார் வந்தால் அதுதான். அடுத்து சக்கரக் கம்பியில் மாட்டியிருக்கும் வேக சென்சார் காந்தம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி, ஆனால் மோட்டார் விக்கி விக்கி உதறுகிறது என்றால், மோட்டாருக்குப் போகும் கனெக்டரையும் உள்ளே மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று காட்டும் ஹால் சென்சார்களையும் சோதிக்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

கேள்வி: ஒரே கோளாறுக்கு மூன்று முறை சர்வீஸ் கொடுத்தாயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? விற்றவர் "கம்பெனியிடம் கேளுங்கள்" என்கிறார், கம்பெனி "விற்றவரிடம் கேளுங்கள்" என்கிறது.

பதில்: கேட்கலாம், விற்றவரிடமே கேளுங்கள். கம்பெனி தரும் வாரண்டி வேறு, சட்டம் தரும் உரிமை வேறு. சட்ட உரிமை பொதுவாக உங்களிடம் பணம் வாங்கியவர் மேல்தான் நிற்கும். அதன் அளவு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால், குறைந்தது இரண்டு ஆண்டு பொறுப்பு விற்றவருடையது. முதல் ஆண்டில் தெரியவரும் கோளாறு, விற்கும்போதே இருந்தது என்றுதான் கருதப்படும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு.

உங்கள் கையில் இருக்க வேண்டியது காகிதம். ஒவ்வொரு முறையும் சைக்கிளை விடும்போது ஜாப் கார்டில் கோளாறு உங்கள் வார்த்தையில் எழுதப்பட வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள், மூன்று முறை போனதற்குச் சாட்சியே இருக்காது. எந்தப் பாகம் மாற்றினார்கள், சைக்கிள் எத்தனை நாள் அங்கே இருந்தது என்பதும் அதில் வேண்டும். போனில் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். அதன்பிறகு ஒரு தேதி குறிப்பிட்டு, அதற்குள் நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும் அல்லது மாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லது பணம் வேண்டும் என்று எழுதுங்கள். பேட்டரி "தேயும் பொருள்" என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். கொள்ளளவு மெல்ல மெல்லக் குறைவதற்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். நடுரோட்டில் அணைவதற்குப் பொருந்தாது.

கேள்வி: புதிதாக வாங்கப் போகிறேன். ஒயரே வெளியில் தெரியாத, ஆப்பில் திறக்கும் ஒரு மாடல் மனதில் இருக்கிறது. மின்கோளாறு விஷயத்தில் எப்படி?

பதில்: பார்க்க அழகுதான். நான் வாங்க மாட்டேன். ஒயர் ஃபிரேமுக்குள் ஓடினால் ஒரு கனெக்டரைப் பார்க்கவே பாதி சைக்கிளைப் பிரிக்க வேண்டும், அதனால்தான் கடைக்காரர் பார்க்காமலே பாகத்தை மாற்றுகிறார். டிஸ்ப்ளே, கண்ட்ரோலர், பேட்டரி எல்லாம் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் மாடல்களில் வேறு கம்பெனிப் பாகத்தைப் போடவே முடியாமல் போகலாம். நெதர்லாந்தின் வான்மூஃப் என்ற எலக்ட்ரிக் சைக்கிள் கம்பெனி 2023 ஜூலையில் திவாலானபோது, சர்வர் நின்றால் தங்கள் சைக்கிளையே திறக்க முடியாமல் போகுமோ என்று வாங்கியவர்கள் பயந்தார்கள். போட்டிக் கம்பெனி ஒன்று அவர்களின் டிஜிட்டல் சாவியைச் சேமித்து வைக்க அவசரமாக ஓர் ஆப்பே வெளியிட்டது. பிறகு வான்மூஃபை வேறொரு கம்பெனி வாங்கியது என்பது வேறு விஷயம்.

நிலைமை கொஞ்சம் மாறிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதிப்படி 2027 பிப்ரவரி 18 முதல், இத்தகைய வாகனங்களின் பேட்டரியைக் கம்பெனி சாராத தொழில்நுட்பக்காரரும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். அதுவரை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். பேட்டரியைக் கையால் எடுக்க முடிகிறதா? பூட்டியபின் ஆடுகிறதா? கண்ட்ரோலர், டிஸ்ப்ளே, சார்ஜர் தனியாகக் கிடைக்குமா, எத்தனை ஆண்டுக்கு? ஈ.என். 15194 அல்லது யு.எல். 2849 (மின்சைக்கிளின் மின்பாதுகாப்புக்கான அமெரிக்கத் தரம்) சான்று உண்டா? கடைசியாக, வாங்கும் கடையில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா, இல்லை பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு அனுப்புவார்களா?

கேள்வி: பேட்டரியைப் பிரித்துப் பழுதான செல்லை மட்டும் மாற்றித் தருவதாக ஒரு எலக்ட்ரீஷியன் சொல்கிறார். செலவு பாதிதான்.

பதில்: கொடுக்காதீர்கள். பழைய செல்களுக்கு நடுவே புது செல் சேர்ந்தால் அவை ஒரே மாதிரி ஏறி இறங்காது. செல்களை இணைக்கும் ஸ்பாட் வெல்டிங் சரியில்லாமல் உள்ளே ஒரு ஷார்ட் ஆனால், தீயை அணைப்பதே பெரும்பாடு. உங்கள் மாடலுக்குக் கம்பெனிப் பேட்டரி கிடைக்காமல் போனால், முழு பேக்கையும் ஒரே வகைச் செல்லால் புதிதாகக் கட்டி, சோதனை அளவோடு எழுத்தில் உத்தரவாதம் தரும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒன்று கிடைக்கும்வரை மோட்டாரை அணைத்துவிட்டு மிதியுங்கள், பிரேக்கும் பெடலும் வேலை செய்யத்தானே செய்கின்றன.