செபுவில் எஸ்கிரிமா கற்க எந்தப் பாணியில் சேரலாம்?

வாசகர் கேள்வி: பிலிப்பைன்ஸில் செபுவில் மருத்துவம் படிக்கிறேன். பள்ளி நாட்களில் ஊரில் சிலம்பம் சுற்றியிருக்கிறேன். இங்கே எஸ்கிரிமா என்ற உள்ளூர்க் கம்புச் சண்டையைக் கற்கலாம் என்று விசாரித்தால் ஒருவர் தோசே பாரெஸ் என்கிறார், இன்னொருவர் பாலிந்தாவாக் என்கிறார், மாடர்ன் ஆர்னிஸ், காளி என்று பட்டியல் வேறு நீள்கிறது. வாரம் இரண்டு மாலைதான் ஓய்வு. எதில் சேர்வது? ஊருக்கு வரும்போது கம்பை விமானத்தில் கொண்டுவரலாமா?

பதில்:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தள்ளி வையுங்கள் தம்பி. வடக்கே லூசோன் தீவுப் பக்கம் ஆர்னிஸ் என்பார்கள், செபுவிலும் சுற்றுத் தீவுகளிலும் எஸ்கிரிமா என்பார்கள், காளி என்ற பெயர் அமெரிக்காவில் டான் இனோசாண்டோ போன்றவர்களின் வகுப்புகள் வழியாகப் பிரபலமானது. 2009இல் பிலிப்பைன்ஸ் அரசு ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தபோது, அந்தச் சட்டமே எஸ்கிரிமாவையும் காளியையும் அதன் வேறு பெயர்களாகத்தான் சொன்னது.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தூரத்தில் நின்று சண்டை போடச் சொல்லித் தருகிறார்கள்? லார்கோ தூரத்தில் உங்கள் கம்பு நுனி எதிராளியின் கையை மட்டும் எட்டும், அதனால் கையையே அடிப்பார்கள். மெடியோவில் தலையும் உடம்பும் எட்டும். கோர்தோ என்பது மூச்சுக்காற்று படும் நெருக்கம்; அங்கே சும்மா இருக்கும் இடது கைதான் பாதி வேலையைச் செய்யும், எதிராளியின் கம்பைப் பிடிப்பது, கையைத் தட்டி விடுவது, தள்ளுவது எல்லாம் அதன் பொறுப்பு, வலது கையோ கம்பின் அடிமுனையால் இடிக்கும்.

சிலம்பம் தெரிந்தவருக்கு லார்கோ சீக்கிரம் பிடிபடும். கால் வரிசையும் மணிக்கட்டும் ஏற்கெனவே பழகியிருக்கின்றன. ஆனால் நம் கம்பு நெற்றி உயரம், இங்கே பிரம்பு 28 அங்குலம்தான். எதிராளி உள்ளே நுழைந்துவிட்டால் பின்னால் தாவி இடைவெளி தேடத்தான் உங்கள் உடம்பு சொல்லும், இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கும். ஆகவே உங்களுக்குக் குறைவாக உள்ளது கோர்தோ. அதற்குச் செபுவைவிட நல்ல ஊர் கிடையாது.

தோசே பாரெஸ் 1932இல் செபுவில் தொடங்கிய சங்கம். சாவேத்ரா, காஞேத்தே குடும்பங்களும் வேறு பல ஆசான்களும் ஒன்றுகூடி உருவாக்கியது. பல கைகள் சேர்ந்ததால் அதில் எல்லாம் உண்டு: ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, கம்பும் குறுவாளும் சேர்ந்த எஸ்பாதா இ தாகா. 2016 வரை வாழ்ந்த காக்கோய் காஞேத்தே ஜூடோ பிடிகளையும் இதில் சேர்த்து எஸ்கிரிதோ என்று தனி வழியே அமைத்தார். அதே வட்டத்தில் இருந்த வெனான்சியோ பாக்கோன் பிறகு பிரிந்து, 1950களின் தொடக்கத்தில் பாலிந்தாவாக் தெருவில் ஒரு கடிகாரக் கடையின் பின்புறத்தில் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தெருப் பெயரே பாணிக்கும் நின்றுவிட்டது. அவர் மற்றதையெல்லாம் ஒதுக்கி ஒற்றைக் கம்பை மட்டும் வைத்துக்கொண்டார். இரு தரப்புக்கும் பல ஆண்டுகள் போட்டியும் சவால் சண்டைகளும் நடந்திருக்கின்றன, அதன் சூடு பழைய ஆட்களின் பேச்சில் இன்றும் இருக்கும், நீங்கள் அதில் தலையிட வேண்டாம்.

என் தீர்ப்பு பாலிந்தாவாக். காரணம், அங்கே ஆசானே எதிரே நின்று அடி கொடுப்பார், நீங்கள் தடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும், அவர் வேகத்தையும் கோணத்தையும் சொல்லாமல் மாற்றிக்கொண்டே போவார், அதுவும் உங்களுக்குப் பழக்கமில்லாத அந்த நெருக்கத்தில். வாரம் இரண்டு மாலைக்கு ஒற்றைக் கம்பே தாராளம். ஆனால் நீங்கள் பார்க்கும் பாலிந்தாவாக் வகுப்பில் ஆசான் ஓரமாக நின்று எண்ணிக்கை மட்டும் சொல்கிறார் என்றால், நல்ல தோசே பாரெஸ் ஆசானிடமே போங்கள்.

மாடர்ன் ஆர்னிஸ் ரெமி பிரெசாஸ் உருவாக்கியது. பழைய முறையில் பயிற்சியிலேயே கையில் அடி விழும், மாணவர்கள் ஓடிவிடுவார்கள். அவர் கம்பைக் கம்பால் அடிக்கச் சொன்னார். புதியவருக்கு நல்லது, உங்களுக்கு மெதுவாகத் தோன்றலாம். பெகிதி திர்சியா, இலுஸ்திரிசிமோ போன்ற பாணிகள் கத்தியை மனதில் வைத்தே நகர்பவை. பிறகு பார்க்கலாம்.

இரட்டைக் கம்பைப் பின்னிப் பின்னி அடிக்கும் சினாவாலியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அழகான பயிற்சிதான், ஆனால் அடுத்த அடி எங்கே வரும் என்று இருவருக்குமே தெரியும். மாணவர்கள் எப்போதாவது கவசம் போட்டு, ஒத்திகை இல்லாமல் மோதுகிறார்களா என்று கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, கனமான கவசம் இருக்கும் தைரியத்தில் சிலர் தடுக்கவே மாட்டார்கள், மாறி மாறித் தலையில் அடித்துக்கொண்டே நிற்பார்கள். கவசம் இல்லாத தலையில் நிஜக் கம்படி ஒன்று பட்டாலே என்ன ஆகும் என்று திருத்துகிற ஆசான் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம், விரல்கள். நாளை அறுவை சிகிச்சை செய்யப்போகும் கை அது. முதல் வாரமே விரல் மூட்டுகளை மூடும் தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிவிடுங்கள். துணையோடு பழகப் பிரம்பு மட்டும்தான். பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரியும், சிம்பு தெறிப்பது குறைவு. காமகோங் என்று கருங்காலி இனத்து மரக் கம்பு கடையில் பளபளவென்று இருக்கும், கனம் எலும்பை உடைக்கும், அது தனியாகச் சுற்றிப் பழக மட்டும்.

விமானத்தில் கம்பைக் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிடுங்கள். 28 அங்குலம் என்றால் 71 சென்டிமீட்டர், பெரிய பெட்டியில் குறுக்காக வைத்தால் அடங்கிவிடும்.