தட்டைத் தனியாக வைக்கிற வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது?

கேள்வி: எனக்கு 36 வயது, தக்கலை பக்கம். கணவர் இறந்த பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறேன். போன பரிசோதனையில் வைரஸ் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் மாமியார் எனக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்திருக்கிறார். நான் அவித்த மரச்சீனிக் கிழங்கை மைனி தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கோவில் கொடைக்கு விருந்தாளிகள் வந்தபோது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பத்து நாள் மாத்திரை போடவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னதும் 'வேற எடம் பாருங்க' என்று அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்ய?

மருத்துவர் பதில்: முதலில் மாத்திரை. இன்று இரவே மறுபடி தொடங்குங்கள். விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். இந்த வாரமே மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய், பத்து நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வைரஸ் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று மறுபடி பார்ப்பார்கள். மருந்து நின்றால் உடம்பில் பதுங்கியிருக்கும் வைரஸ் பெருக ஆரம்பிக்கும். அடிக்கடி விட்டுவிட்டுப் போட்டால், பிறகு அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். தனித் தட்டைப் பற்றி எனக்குள்ள பெரிய கோபமே இதுதான். அது உங்களை வேதனைப்படுத்துவதோடு நிற்கவில்லை, மாத்திரையையும் ஒளிக்க வைத்துவிட்டது.

மாமியாருக்கு உள்ள பயம் என்னவென்று ஊகிக்க முடிகிறது. எச்சில் பட்டால்? கிழங்கு நறுக்கும்போது கை வெட்டிக்கொண்டால்? எச்சிலால் இது பரவாது. உடம்புக்கு வெளியே வந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது, கொதிக்கிற பானையில் தாங்கவே தாங்காது. உங்கள் வைரஸ் லோடு எவ்வளவு ஏறியிருந்தாலும் தட்டு, தம்ளர், கழிப்பறை, கொசு எதன் வழியாகவும் அந்தப் பிள்ளைகளுக்கு வராது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தபோது மருந்தே கிடையாது. 2004 முதல் அரசே மருந்தை இலவசமாகத் தருகிறது. வீட்டிலுள்ளவர்களின் பயம் மட்டும் அந்தப் பழைய நாட்களிலேயே நிற்கிறது. மாமியாருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால், உங்களுக்குச் சம்மதம் என்றால் அடுத்த முறை மையத்துக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது அங்குள்ள ஆலோசகர் சொன்னால் ஏறும், பலமுறை பார்த்திருக்கிறேன்.

விருந்தாளிகள் வருகிற நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகளை மட்டும் ஈரம் படாத சின்ன டப்பியில் எடுத்து வையுங்கள். குலுங்கும் சத்தம் கேட்காமல் இருக்க மேலே கொஞ்சம் பஞ்சு வைக்கலாம். என்ன மாத்திரை என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்தப் பல் விஷயம். நான் பயிற்சி மருத்துவராக இருந்த ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் கட்டில் தலைமாட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். ஊசி போட வருபவர்கூட அதைப் பார்த்துத் தயங்கி நிற்பார். அது அன்றைக்கே தவறு, இன்றைக்குச் சட்டப்படியும் தவறு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் விஷயத்தை வெளியே சொல்லவும் கூடாது. கணவர் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் அதே சட்டம் பெண்களுக்குத் தருகிறது. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. பல் பிடுங்க, எல்லா நோயாளிக்கும் போடுகிற அதே கையுறை, அதே சுத்தம் செய்த கருவி, உங்களுக்கும் அது போதும்.

மாத்திரை வாங்கப் போகும் அன்றைக்கே, பல் பிடுங்க எங்கே போகலாம் என்று மையத்தில் கேட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.