டூர் முடிந்தது, கணக்கு பாக்கி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர்கள் அனுப்பியவை. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஓய்வுக்காலத்துக்குப் போட்ட திட்டத்தில் ஓட்டை இருந்தால் அது தெரியவரவே 20, 25 வருடம் ஆகும், டூர் கணக்கில் இருக்கும் ஓட்டை வீடு திரும்பிய வாரமே தெரிந்துவிடும்.

பார்த்துப் பார்த்துத்தான் பட்ஜெட் போட்டோம். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகிவிட்டது. எங்கே தப்பு?

டிக்கெட்டிலும் அறை வாடகையிலும் இருக்காது, அதெல்லாம் பெரும்பாலும் முன்பே கட்டிவிட்ட பணம். போன இடத்தில் அன்றாடம் கையை விட்டுப் போனதைப் பாருங்கள்: வாடகை வண்டி, கூடுதல் பெட்டிக்குக் கட்டணம், நுழைவுச்சீட்டு, அலைந்த அசதியில் விலை பார்க்காமல் சாப்பிட்ட சாப்பாடு. நான்கு பேர், ஆறு நாள், மூன்று வேளை என்றால் ஒரு சாப்பாட்டுக்குக் குறைத்துப் போட்ட கணக்கு 72 தடவை திரும்ப வந்து நிற்கும்.

உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைத் திட்டமிடல் பிழை என்று விளக்கினார்கள். எல்லாம் நினைத்தபடி நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நாம் கணக்குப் போடுகிறோம், இதற்கு முன் என்ன ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. என் வீட்டிலும் ஒரு தடவை வண்டிச் செலவு மட்டும் போட்டதைவிட இரண்டு மடங்கு ஆனது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் 'போட்டது', 'ஆனது' என்று இரண்டு பத்தி வைத்து எழுதுகிறோம், அடுத்த டூருக்கு 'ஆனது' பத்திதான் தொடக்கம். நீங்களும் பில்களைத் தூக்கிப் போடுவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். நாளைக்கு வீடு கட்ட எஸ்டிமேட் போடும்போதும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

செலவெல்லாம் கிரெடிட் கார்டில். மினிமம் டியூ (பில்லில் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டி மெதுவாக அடைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மாதம் 3% வட்டி என்றால் கேட்க லேசாக இருக்கிறது, ஆனால் எதுவும் கட்டாமல் விட்டால் 100 ஆக இருக்கும் கடன் 12 மாதத்தில் 142-ஐத் தாண்டிவிடும். அதோடு, முழு பாக்கியையும் கட்டாதவரை பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது, அதாவது இந்த மாத மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டை எடுத்து உள்ளே வையுங்கள், குறைந்த வட்டியில் தனிநபர் கடன் கிடைத்தால் அதற்கு மாற்றி (செயல்முறைக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு) ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அவசரகால நிதியிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். போனஸ் வந்ததும் வைத்துவிடுவேன். சரிதானே?

சரியில்லை. வேலை போவதும் உடம்பு முடியாமல் போவதும் போனஸ் வரும்வரை காத்திருக்காது. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான அந்தப் பணம் நிரம்பும்வரை அடுத்த டூரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்த டூருக்கு 10 மாதம் இருக்கிறது. ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வைக்கலாமா?

10 மாதத்துக்கு ஈக்விட்டி, அதாவது பங்குகளில் போடும் முதலீடு, கூடாது. 2020 பிப்ரவரி, மார்ச்சில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குச் சந்தைக் குறியீடு ஐந்தே வாரத்தில் ஏறக்குறைய 34% விழுந்தது. ஆகஸ்ட்டில் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது உண்மைதான், ஆனால் ஏப்ரலில் பணம் தேவைப்பட்டவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? மொத்தச் செலவைப் பத்தால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனிச் சேமிப்புக் கணக்குக்கோ ரெக்கரிங் டெபாசிட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். டூரையாவது தள்ளிப்போடலாம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது, அதனால் அந்தப் பணத்தையும் தேதி நெருங்க நெருங்க, கடைசி இரண்டு மூன்று வருடத்தில், பங்குகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

வெளிநாட்டில் கார்டு மெஷின் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். நஷ்டமா?

அநேகமாக நஷ்டம்தான். அப்படிச் சொன்னால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் பக்கம் முடிவு செய்வார்கள், அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். அடுத்த தடவை அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

12 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். போகிற இடமெல்லாம் அது வேண்டும், இது வேண்டும் என்று ஒரே அடம். என்ன செய்ய?

கிளம்பும் முன்பே ஆளுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து, பொம்மை, விளையாட்டு எல்லாம் இதற்குள்தான், மிச்சம் இருந்தால் உங்களுக்கே என்று சொல்லிவிடுங்கள். முதல் நாளே ஒருவன் தீர்த்துவிடுவான், அழுவான். மனசு கேட்காது, எனக்குத் தெரியும், ஆனால் அந்த இடத்தில் மட்டும் நீங்கள் மறுபடி நிரப்பிவிடாதீர்கள். அப்புறம், மேலே சொன்ன நோட்டு இருக்கிறதே, அதை எழுதும் பொறுப்பைப் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள்.