செட் தோசையில் இருக்கும் செட்

(செட் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகள். பதில் சொல்பவர் முப்பது வருடமாகத் தீர்ப்புகளையும் பாடநூல்களையும் மொழிபெயர்த்து வருபவர்.)

ஐயா, செட் என்ற சொல்லுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?

1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், வினையாக வரும் செட்டுக்கு 430. அதிக அர்த்தம் உள்ள சொல் என்ற பட்டத்தை இப்போது ரன் என்ற சொல் தட்டிக்கொண்டு போய்விட்டது. அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி, வினைக்கு மட்டும் 645 பொருள் என்று கணக்குக் கொடுத்தார். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள்.

சூரியன் செட், ஜெல்லி செட், அலாரம் செட். எல்லாம் எப்படி ஒரே சொல் ஆகும்?

நல்ல கேள்வி. சிட் என்றால் அமர். செட் என்றால் அமர்த்து. திருந்து–திருத்து, வருந்து–வருத்து மாதிரி ஆங்கிலத்திலும் பழைய ஜோடிகள் சில மிஞ்சியிருக்கின்றன. ஃபால் என்றால் விழு, மரத்தை ஃபெல் செய்தால் வெட்டி வீழ்த்து. செட்டும் அந்தக் குடும்பம்தான். மோதிரத்தில் கல்லை அமர்த்தினாலும், முறிந்த எலும்பை அதனிடத்தில் சேர்த்து உட்காரவைத்தாலும், அலாரத்தை ஐந்தரை மணிக்கு வைத்தாலும் செட். ஜெல்லியும் சிமெண்டும் ஆட்டம் அடங்கி உட்கார்ந்துவிட்டன. சூரியனும் மேற்கே போய் உட்கார்கிறது. நமக்குப் பொழுது சாய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ செட் தோசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், சார்?

யாரும் இல்லை தம்பி, அது வேறு வீட்டுப் பிள்ளை. 'பின்தொடர்பவர்கள்' என்ற பொருள் கொண்ட லத்தீன் செக்டா, பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த பெயர்ச்சொல் அது. மதப்பிரிவைச் சொல்லும் செக்ட் அதற்கு உடன்பிறப்பு. ஒலி ஒன்றாகிவிட்டதால் பிற்பாடு இரண்டு குடும்பமும் ஒட்டி உறவாடிவிட்டன. கணிதத்தில் வரும் செட்டும் கூட்டம் என்ற இந்தப் பொருளில்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது கணம், இலங்கையில் தொடை. சிரிக்க வேண்டாம், பூத்தொடையில் வரும் தொடை.

இறந்தகாலத்தில் செட்டட் என்று ஏன் வருவதில்லை?

கட், புட், ஹிட் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். சொல் ஏற்கெனவே ட் என்று முடிகிறது, பழைய விகுதி அதோடு கலந்து தேய்ந்துவிட்டது.

செட் ஆஃப் என்றால் புறப்படுதல்தானே?

அதுவும்தான். பட்டாசை வெடிக்கவைப்பதும் செட் ஆஃப். ஒரு தீர்ப்பின் மொழிபெயர்ப்பு என்னிடம் சரிபார்க்க வந்தது. விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனையில் செட் ஆஃப் செய்ய, அதாவது கழித்துக்கொள்ள வேண்டும் என்பது மூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆவது பிரிவு சொல்வது அது. மொழிபெயர்த்தவரோ "சிறையிருந்த நாட்களோடு புறப்படச் செய்க" என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். தண்டனை என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறதே, அதைப் பார்க்க வேண்டாமா?

எங்கள் 'வை' முன்னால் செட் எம்மாத்திரம்? பேர் வை, மொய் வை, ஆப்பு வை, கடை வை, குழம்பு வை!

ஆகா, வாருங்கள்.

(வேறொருவர்) குழம்பு வைப்பதை ஏன் தனியாக எண்ணுகிறீர்கள்? அடுப்பில் வைப்பதுதானே?

இல்லை. 'குழம்பை அடுப்பில் வை' என்றால் செய்த குழம்பைத் தூக்கி வைக்க வேண்டும். 'குழம்பு வை' என்றால் புளியைக் கரைக்க வேண்டும். ஒரு 'ஐ' போனதும் வேலையே மாறிவிட்டது. 'அவன்மேல் கையை வை' என்றால் தொடச் சொல்கிறேன், 'கை வை' என்றால் அடிதடி. ஆங்கிலத்திலும் டேபிளை செட் செய்தாள் என்றால் மேசையைத் தூக்கி வைத்ததாக அர்த்தமில்லை, சாப்பிடத் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

(முதலில் கேட்டவர்) அப்படியானால் வைதான் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

சேர்க்க முடியாது. வைத்தான் வேறு, திட்டினான் என்ற பொருளில் வரும் வைதான் வேறு. ஏவலில் இரண்டும் 'வை'தான். செட்டுக்கு இரண்டு வீடு என்றேனே, நம் வீட்டிலும் அதே கூத்து.

(இன்னொருவர்) தமிழே ஜெயித்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள் ஐயா.

பந்தயம் வைத்தது யார்?

செட்டுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம் என்று சொல்ல முடியுமா?

மேலே.

டோட்டலாக எத்தனை மீனிங் சார்?

மேலே, அம்மா. முதல் பதில்.

எனக்கும் அவருக்கும் செட் ஆகவில்லை என்கிறோமே, இது இங்கிலீஷா?

ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார். பொருந்தவில்லை என்ற அர்த்தத்தில் நாமே வார்த்துக்கொண்டது. தமிழ் என்றே எழுதுங்கள்.

கடைசியாக, பல்செட் எந்த செட்?

தோசை வீட்டு செட்.