வீட்டுக் கடன் வாங்கினால் 7 லட்சம் வரி மிச்சமா?

கேள்வி: நானும் மனைவியும் சென்னையில் தனியார் வேலையில் இருக்கிறோம். என் ஆண்டுச் சம்பளம் 18 லட்சம், அவருடையது 11 லட்சம். மேடவாக்கம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் 72 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். 50 லட்சம் வங்கிக் கடன். 2028 ஜனவரியில் சாவி தருவதாகச் சொல்கிறார்கள். 'இரண்டு பேர் பெயரிலும் வாங்குங்கள், ஆண்டுக்கு 7 லட்சம் வரிச் சலுகை' என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. இது சரியா? யார் பெயரில் பதிவு செய்வது நல்லது? இப்போது மாதம் 30,000 வாடகை கொடுக்கிறோம்.

பதில்: 7 லட்சம் என்ற கணக்கு எப்படி வருகிறது என்றால், வட்டிக்கு ஒருவருக்கு 2 லட்சம், அசலுக்கு ஒருவருக்கு 1.5 லட்சம், ஆக இரண்டு பேருக்கு 7 லட்சம். கூட்டல் சரி. ஆனால் அது வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை, மிச்சமாகும் வரி அல்ல. 30 சதவீத விகிதத்தில் இருப்பவருக்கு 2 லட்சம் கழிவு என்றால் கல்வி வரியோடு (செஸ்) சேர்த்து 62,400 ரூபாய்தான் மிச்சம். அதுவும் பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில், நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் கழிவு இல்லை, அசலுக்கும் இல்லை.

ஆகவே முதலில் உங்களுக்கு எந்த முறை லாபம் என்று பார்ப்போம். 2025-26 நிதியாண்டின் விகிதங்களை வைத்துப் போடுகிறேன்.

உங்கள் மனைவியின் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். 11 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 10.25 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரியே இல்லை. வரியே கட்டாதவருக்கு 3.5 லட்சம் கழிவு காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. விற்பனைப் பிரதிநிதி சொன்ன 7 லட்சத்தில் பாதி இங்கேயே காலி.

உங்களுக்குப் புதிய முறையில் 17.25 லட்சத்துக்கு வரி 1,45,000. 4 சதவீத செஸ் சேர்த்து 1,50,800. பழைய முறையில் நிலையான கழிவு 50,000 போக 17.5 லட்சம். வட்டிக்கு 2 லட்சம், 80சி-யில் (சேமிப்பு, கடன் அசல் போன்றவற்றுக்கான பிரிவு) 1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 கழித்தால் 13.75 லட்சம். அதற்கு வரி 2,34,000. வீட்டுக் கடன் கழிவை முழுதாக எடுத்த பிறகும் பழைய முறையில் 83,200 ரூபாய் அதிகம் கட்ட வேண்டியிருக்கிறது!

பழைய முறை உங்களுக்குக் கட்டுப்படியாக, நிலையான கழிவு தவிர்த்து ஏறக்குறைய 6.42 லட்சம் கழிவு காட்ட வேண்டும். மேலே சொன்னவை மொத்தம் 3.75 லட்சம். பாக்கி 2.67 லட்சத்துக்குச் சம்பளத்தோடு வரும் வாடகைப்படிதான் (HRA) வழி. உங்கள் அடிப்படைச் சம்பளம் 9 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வாடகை 3.6 லட்சத்தில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதமான 90,000 போக 2.7 லட்சம் விலக்கு கிடைக்கலாம் (நிறுவனம் தரும் வாடகைப்படி அதற்குக் குறையாமல் இருந்தால்). ஆக மொத்தம் 6.45 லட்சம். எல்லையைத் தொட்டுவிட்டோம். ஆனால் மிச்சமாவது ஆயிரம் ரூபாய் சொச்சம். அதுவும் சாவி வாங்கிய பிறகும் நீங்கள் வேறு இடத்தில் உண்மையாகவே வாடகைக்கு இருந்தால்தான். புது வீட்டுக்குக் குடிபோன மாதத்திலிருந்து வாடகைப்படி விலக்கு நின்றுவிடும், கணக்கு மறுபடியும் புதிய முறைப் பக்கம் சாய்ந்துவிடும். வீடு கட்டி முடியும் வரை வட்டிக் கழிவே கிடையாது என்பதால் அதுவரை உங்களுக்குப் புதிய முறைதான்.

பழைய முறையே லாபம் என்ற நிலையில் இருப்பவர்களும் சில இடங்களில் ஏமாந்துபோகிறார்கள். 80சி-யின் 1.5 லட்சத்தில் பி.எஃப், ஆயுள் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அடங்கும். அடிப்படைச் சம்பளம் 9 லட்சம் என்றால் பி.எஃப் மட்டுமே 1.08 லட்சம். கடன் அசலுக்கு மீதி இருப்பது 42,000 ரூபாய். 50 லட்சம் கடனுக்கு 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 41,822. முதல் ஆண்டில் இதில் வட்டி சுமார் 3.96 லட்சம், அசல் 1.06 லட்சம்தான். வட்டியில் பாதிக்குத்தான் ஒருவரால் கழிவு கேட்க முடியும்; அசலிலும் பாதிக்கு மேல் வீண்.

கட்டுமானக் காலத்து வட்டியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். விதி இது: வீடு முடியும் நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியை ஒன்றாகக் கூட்டி, ஐந்து சம பங்காக, வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் கேட்கலாம். உங்கள் வீடு 2028 ஜனவரியில் முடிந்தால் 2027 மார்ச் 31 வரையிலான வட்டி இந்தக் கணக்கில் வரும். 2027 ஏப்ரல் முதல் கட்டும் வட்டி அந்த ஆண்டின் வழக்கமான வட்டியாகிவிடும். ஆனால் இந்த ஐந்தில் ஒரு பங்கும் அதே 2 லட்சம் வரம்புக்குள்தான். நடப்பு ஆண்டு வட்டியே 2 லட்சத்தைத் தாண்டும் பெரிய கடன்களில் இந்தச் சலுகை காகிதத்தில் மட்டும் இருக்கும். சிறிய கடன் வாங்கியவருக்கும், கணவன் மனைவி இருவருமே பழைய முறையில் இருந்து வட்டியைப் பிரித்துக்கொள்பவருக்கும்தான் உண்மையில் உதவும். அசலின் கதை இன்னும் மோசம்: வீடு முடியும் முன் கட்டிய அசலுக்குப் பொதுவாகக் கழிவு ஏற்கப்படுவதில்லை, பிறகு தவணை பிரித்தும் கேட்க முடியாது. பில்டர் தாமதித்தாலும் அடி உங்களுக்குத்தான். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்காவிட்டால் 2 லட்சம் வரம்பு 30,000 ஆகச் சுருங்கிவிடும். 2026-27இல் கடன் வாங்கினால் கெடு 2032 மார்ச் 31.

வட்டிக்குக் கூடுதலாக 1.5 லட்சம் கழிவு தரும் 80இஇஏ பிரிவு பற்றியும் உங்களிடம் யாராவது சொல்லலாம். 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே அது. முத்திரைத் தீர்வை மதிப்பும் 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தாது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியமும் (குடும்ப வருமானம் 9 லட்சம், வீட்டு மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அதிகபட்சம் 1.80 லட்சம்) உங்கள் வருமானத்துக்கு எட்டாது.

உங்கள் கையில் உண்மையாகவே பணம் மிஞ்சும் இடம் வருமான வரி அல்ல, பதிவுச் செலவும் ஜிஎஸ்டியும்தான். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் மனை, தனி வீடு, பழைய ஃபிளாட் எதை வாங்கினாலும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஆனால் பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக, மனைப் பங்கும் கட்டடமும் சேர்ந்த ஒரே கிரயப் பத்திரமாகப் பதிவாகும் ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து தனி விகிதம்: 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். 72 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் 5.04 லட்சம். அதே விலைக்குப் பழைய ஃபிளாட் வாங்கினால் 6.48 லட்சம். வித்தியாசம் 1.44 லட்சம். பத்திர விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்டணம்.

ஜிஎஸ்டியில் நிலைமை தலைகீழ். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5 சதவீதம். 72 லட்சத்துக்கு 3.60 லட்சம். கட்டட நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சென்னையில் 45 லட்சத்துக்குள், தரைப்பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1 சதவீதம். எனவே பக்கத்திலேயே நிறைவுச் சான்று பெற்ற, இன்னும் விற்காத புது ஃபிளாட் கிடைக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முதல் விற்பனை என்பதால் 7 சதவீதப் பதிவும் உண்டு, ஜிஎஸ்டியும் இல்லை, கட்டுமானக் காலத்து வட்டியும் இல்லை. முடிந்த வீட்டுக்கு பில்டர் விலையைக் கூட்டித்தான் சொல்வார். அந்தக் கூடுதலை 3.60 லட்சத்தோடும் இரண்டு ஆண்டு வாடகையோடும் ஒப்பிட்டுப் பேரம் பேசுங்கள்.

பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறைவு என்ற பேச்சும் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும்.

யார் பெயரில் வாங்குவது? இருவர் பெயரிலும் வாங்குங்கள், பத்திரத்தில் பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள். இன்று மனைவிக்கு வரி இல்லை என்றாலும் சம்பளம் கூடும், விதிகளும் மாறும். விற்கும்போது மூலதன ஆதாயமும் இருவருக்குப் பிரியும். கழிவு கேட்பவர் கிரயப் பத்திரத்தில் உரிமையாளராகவும் கடனில் இணை கடன்தாரராகவும் இருக்க வேண்டும், தவணையிலும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் தகராறு எங்கே வருகிறது என்றால், கடன் இருவர் பெயரில், பத்திரம் ஒருவர் பெயரில். பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு ஒரு ரூபாய் கழிவும் கிடையாது. தவணை ஒரே கணக்கிலிருந்து போனால், மற்றவர் மாதாமாதம் தன் பங்கை அந்தக் கணக்குக்கு மாற்றிய பதிவு இருக்கட்டும்.

வீட்டை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் புதிய முறையிலும் வட்டிக்கு இடம் உண்டு. மாதம் 20,000 வாடகை, சொத்து வரி 6,000 என்றால் 2.34 லட்சம், அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போக 1,63,800. இதற்கு எதிராக வட்டியைக் கழித்தால் வாடகைக்கு வரி இல்லை. மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க மட்டும் புதிய முறை விடாது. பழைய முறையில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்து, மீதியை 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால், பில்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வருமான வரித் தளத்தில் கட்டுங்கள். இருவர் வாங்கினால் இரண்டு தனிப் படிவம். வங்கி நேரடியாக பில்டருக்கு விடுவிக்கும் தொகைக்கும் பொறுப்பு உங்களுடையதுதான், வங்கி செய்யும் என்று விட்டுவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து நோட்டீஸ் வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. பழைய 80சி இப்போது 123. அலுவலகத்தில் பழைய எண்ணைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ரிட்டர்னில் புதிய எண்ணைப் பாருங்கள்.

ஏதாவது ஓராண்டில் பழைய முறை லாபமாக வந்தால், சம்பளக்காரர் ஆண்டுதோறும் மாறிக்கொள்ளலாம். அலுவலகத்தில் என்ன அறிவித்திருந்தாலும் ரிட்டர்னில் தேர்ந்தெடுப்பதே இறுதி. ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த உரிமை. தாமதமான ரிட்டர்னில் புதிய முறை மட்டுமே. வங்கியின் வட்டிச் சான்றிதழோடு கடன் கணக்கு எண், அனுமதித் தேதி, மார்ச் 31 நிலுவை ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ரிட்டர்னில் கேட்கிறார்கள். சாவி வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீட்டை விற்றால், அதுவரை அசலுக்காக 80சி-யில் வாங்கிய கழிவு முழுவதும் விற்ற ஆண்டின் வருமானத்தில் சேரும். வட்டிக்கு வாங்கிய கழிவைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.