ஒரு மரபணுவை நீக்கினால் எலியின் கணையம் ஏன் பழுதாகிறது?

எலியின் ஒரு குறிப்பிட்ட மரபணுவைக் கருநிலையிலேயே செயலிழக்கச் செய்வதுதான் மரபணு நீக்கம். எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று தெரியாதபோது, ஒன்றை உருவிவிட்டு எங்கே விளக்கு அணைகிறது என்று பார்ப்போமே, அதே வழி.

ஐஆர்எஸ்-1, ஐஆர்எஸ்-2 என்று இரண்டு மரபணுக்கள். இன்சுலின் செல்லின் வாசலில் தரும் செய்தியை உள்ளே கொண்டுசேர்க்கும் புரதங்கள் இவற்றிலிருந்து உருவாகின்றன. முதலாவதை நீக்கினால் எலி சிறுத்து வளர்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை; இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. ஆனாலும் கணையத்தின் பீட்டா செல்கள் பெருகி, கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடுகின்றன. இரண்டாவதை நீக்கிய எலிகளோ சர்க்கரை நோய்க்கே ஆளாயின என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பீட்டா செல்கள் பெருகவும் பிழைக்கவும் ஐஆர்எஸ்-2 தரும் புரதம் வேண்டும். கூட்டம் கூடும்போது ஆள் சேர்க்க முடியாத கடை போலக் கணையம் திணறிப்போகிறது. இன்சுலின் எதிர்ப்பு மட்டும் நோயாகிவிடாது, கணையமும் தளர வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதே என்னை வியக்க வைக்கிறது.

ஐஆர்எஸ்-2-ஐச் ‘சர்க்கரை நோய் மரபணு’ என்று எண்ணிவிட வேண்டாம். மனிதர்களிடம் பரவலாகக் காணும் இரண்டாம் வகை நோயில் பல மரபணுக்களும் உணவும் உடல் எடையும் சேர்ந்தே பங்கு வகிக்கின்றன.